உன் கணினியை நீயே தேர்ந்தெடு!

தம்பி, தங்கை, உன்னோடுதான் பேசுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாய். அல்லது கல்லூரியில் விஸ்காம் முதலாண்டு. போனில் எடுத்த காட்சிகளைப் போனிலேயே வெட்டி ஒட்டிக் குறும்படம் செய்து பார்த்துவிட்டாய். அது போதவில்லை. வீட்டில் கேட்டாய். அப்பா ஏலச்சீட்டை எடுக்கிறேன் என்றார். அம்மா மகளிர் குழுவில் கடனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். பணம் வந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மாமாவுக்குத் தெரிந்த ஒருவர், பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அண்ணன், கடைக்காரர் எல்லோரும் கூடிப் பேசி ஒரு பெட்டியை முடிவு செய்வார்கள். நீ ஓரமாக நின்று தலையாட்டிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு வருவாய்.

அப்படி நிற்காதே! அந்தக் கணினியோடு நான்கு வருடம் வாழப்போகிறவன் நீ. நாளை காலை புராஜெக்ட் ஒப்படைக்க வேண்டும் என்கிற இரவில் திரை உறைந்து நின்றால், மாமாவுக்குத் தெரிந்தவர் வந்து உட்கார மாட்டார். நீதான் உட்கார்ந்திருப்பாய். உன் உழைப்பு, உன் படம், உன் மதிப்பெண். அப்படியிருக்க முடிவு மட்டும் ஏன் இன்னொருவருடையது?

"எனக்கு இதெல்லாம் தெரியாதே" என்று சொல்லாதே. யார் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்தார்கள்? 118 தனிமங்களின் அட்டவணையை உருப்போட்டவன் நீ. வகைநுண்கணிதத்தோடு மல்லுக்கட்டியவள் நீ. கணினிப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் இருப்பவை ஏழெட்டு எண்கள், நாலைந்து எழுத்துகள். அவ்வளவுதான்! ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் படிக்கக் கற்றுக்கொண்டுவிடலாம். படிக்கத் தெரியாதவரையில்தான் அது மிரட்டும். கடையில் கேள்வி கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சத்தையும் விட்டுத் தொலை. காசு கொடுப்பது உன் வீடு. கேட்பது உன் உரிமை.

கேட்கத் தெரிந்த ஒரு பெண்ணைச் சென்னை ரிச்சி தெருவில் பார்த்தேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் அடுத்தடுத்து மின்னணுக் கடைகள். பழைய லேப்டாப்களைத் துடைத்து அடுக்கி வைத்திருப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணாக இருக்கும், அப்பாவோடு வந்திருந்தாள். கடைக்காரர் ஒரு கறுப்பு லேப்டாப்பை எடுத்து வைத்து, "ஐ7 சார். ஆபீஸ்ல யூஸ் பண்ணது. டாப் எண்டு" என்றார். அப்பா பையில் கைவிட்டுவிட்டார்.

"எத்தனையாவது ஜெனரேஷன்ணா?" என்று கேட்டாள் அவள்.

"ஐ7ன்னாலே டாப்புதாம்மா."

"கொஞ்சம் ஆன் பண்ணுங்கண்ணா."

ஆன் செய்தார். அவளே குனிந்து கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். டாஸ்க் மேனேஜர் திறந்தது. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனாள். வலது மேல் மூலையில் பிராசஸரின் முழுப்பெயர் வந்து நின்றது: ஐ7-4600யூ. "நாலாவது ஜெனரேஷன்ணா. எனக்கு எடிட்டிங் பண்ணணும், இது தாங்காது" என்று சொல்லி மூடியை மெதுவாகச் சாத்தினாள். குரலில் நடுக்கமில்லை, மரியாதைக் குறைவும் இல்லை. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார்.

இதுதான் தன்னம்பிக்கை! கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும், என்னால் முடியும்" என்று நூறு முறை சொல்வதால் வருகிற தைரியம் கடை வாசலிலேயே கரைந்துவிடும். விஷயம் தெரிந்தவளுக்கு வருகிற தைரியம் கரையாது.

அவள் ஏன் வேண்டாம் என்றாள்? நீயும் தெரிந்துகொள். ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடுவதற்கான பெயர்கள். தலைமுறையைச் சொல்வது கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம். 4600யூ என்றால் நான்காம் தலைமுறை; 2013இல் வந்தது; உள்ளே இரண்டே கோர். 2022இல் வந்த ஐ3-1215யூவில் ஆறு கோர் இருக்கிறது. பெயரில் சிறிய ஐ3, வேலையில் அந்தப் பழைய ஐ7ஐ எளிதாகத் தாண்டிவிடும். இன்னொன்றும் உண்டு. உன் போன் எடுக்கும் 4கே வீடியோ பெரும்பாலும் எச்.265 முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அதை விரிக்கும் முழுமையான வன்பொருள் அந்த நான்காம் தலைமுறைச் சிப்பில் கிடையாது. காட்சி திக்கித் திக்கித்தான் ஓடும். அதோடு, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. ஏஎம்டி லேப்டாப்களில் பொதுவாக ரைசன் 3000 வரிசையிலிருந்து. பழைய லேப்டாப் வாங்குவதில் ஒரு குறைவும் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் பத்தாம், பதினொன்றாம் தலைமுறைப் பெட்டி கிடைத்தால் தாராளமாக வாங்கு. ஆனால் எட்டுக்குக் கீழே இறங்காதே.

ரைசனிலும் கண்ணை விழித்துப் பார். ரைசன் 5 7520யூ என்று ஒன்று உண்டு. 7000 என்றதும் புத்தம் புதியது என்று தோன்றும். அந்த 7000 வரிசை லேப்டாப் சிப்களில் உள்ளமைப்பு எந்தக் காலத்தது என்று சொல்வது மூன்றாவது இலக்கம். 7520இல் மூன்றாவது இலக்கம் 2, அதாவது ஜென் 2 என்ற பழைய அமைப்பு. 7530யூ என்றால் ஜென் 3. 7640, 7840 போன்றவை ஜென் 4. ஒரே ஒரு இலக்கம்! அதைப் பார்க்கத் தெரிந்தவன் ஒரு விலைக்கு ஒரு படி மேலான பொருளை எடுத்து வருவான். கடைசியில் வரும் எழுத்தையும் விடாதே. யூ என்றால் மின்சாரம் குறைவாகச் செலவாகும், பேட்டரி நிற்கும், நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடாது. எச் என்றால் வேகம், கூடவே சூடு. வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குறிப்பெடுப்பவருக்கு யூ போதும். வாரம் தவறாமல் எடிட்டிங்கில் உட்காருபவருக்கு எச்.

வீடியோ எடிட்டிங் ஏன் கணினியை இவ்வளவு வாட்டுகிறது? இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மளிகைக்கடைக் கணக்கு நோட்டை நினைத்துக்கொள். மாதத்தின் முதல் நாள் மொத்தப் பாக்கியை எழுதுவார்கள். அதன் பிறகு அன்றன்று கூடியதும் குறைந்ததும் மட்டும். 17ஆம் தேதி பாக்கி எவ்வளவு என்று கேட்டால், முதல் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். எச்.264, எச்.265 வீடியோவும் அப்படித்தான். முழுப் படம் எப்போதாவது ஒன்று. இடையில் இருப்பவை முந்தைய படத்திலிருந்து மாறியது என்ன என்ற குறிப்புகள் மட்டுமே. படம் பார்க்கும்போது வரிசையாக ஓடுவதால் சிரமமில்லை. எடிட்டிங்கில் நீ நடுவில் எங்கோ போய் நிற்கிறாய், பின்னால் போகிறாய், மறுபடி முன்னால் வருகிறாய். ஒவ்வொரு முறையும் கணினி கணக்கை முதலிலிருந்து கூட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் கூட்டலுக்கென்றே தனிப் பகுதியை இன்டெல் 2011இல் தன் சிப்புக்குள் வைத்தது. குயிக் சிங்க் என்று பெயர். என்விடியா 2012இல் காட்சியைச் சுருக்கும் தனிப் பகுதியைத் தன் கிராபிக்ஸ் கார்டில் சேர்த்தது. எடிட்டருக்கு இவை இரு கைகள்.

ஆகவே அசெம்பிள்டு கணினி வாங்குகிறாய் என்றால் இன்னொரு எழுத்தையும் மனதில் வை. எஃப். ஐ5-12400 என்றும் ஐ5-12400எஃப் என்றும் இரண்டு உண்டு. எஃப் சற்று மலிவு. அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. ஆகவே குயிக் சிங்க்கும் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு போடாவிட்டால் திரையில் படமே வராது. கொஞ்சம் பணம் மிச்சம் என்று அதை உன் தலையில் கட்ட வந்தால், "எஃப் இல்லாததைக் கொடுங்கள்" என்று சொல்.

ரேம். இங்கே உறுதியாக நில்: எடிட்டிங் உண்டென்றால் 16 ஜிபி. பாட வேலைக்கு மட்டும் என்றால் 8 ஜிபி ஓட்டிவிடும். 8 ஜிபியில் எடிட்டிங் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை; செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உள்ளமைந்த கிராபிக்ஸ் அந்த எட்டிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் பத்து டேப் திறந்தால் மீதியும் போய்விடும். இன்று 16க்குப் பணமில்லையா? கலங்காதே, 8 வாங்கு. ஆனால் பின்னால் கூட்டிக்கொள்ள வழி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார். அதே டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தொட்டால், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று சொல்லிவிடும். இரண்டில் ஒன்று என்று வந்தால் ஒன்று காலியாக இருக்கிறது. வடிவம் என்ற இடத்தில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று வந்தால் ரேமைப் போர்டோடு சேர்த்துச் சோல்டர் செய்துவிட்டார்கள் என்று பொருள். காலி ஸ்லாட்டும் இல்லையென்றால் வாங்கியது வாங்கியதுதான். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு ரேம் இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். ஆகவே தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் ஒற்றை 16ஐ விட இரட்டை 8 மேல்.

சேமிப்பு வட்டு விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. எஸ்எஸ்டி, முடிந்தால் அதிலும் வேகமான என்விஎம்இ வகை. 512 ஜிபிக்குக் குறைந்தால் வருத்தப்படுவாய். ஐபோனில் 4கே, விநாடிக்கு 30 படம் என்று வைத்து எடுத்தால், சுருக்கிய வடிவிலேயே நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. ஒரு மணி நேரக் காட்சி பத்து ஜிபியைத் தொடும். பத்து நிமிடக் குறும்படத்துக்கு எவ்வளவு எடுப்பாய் என்று நீயே கணக்குப் போடு. முடிந்த வேலைகளை வைக்க, பிறகு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம்.

திரையைப் பற்றிக் கடையில் யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன், காது கொடுத்துக் கேள். விவரச் சீட்டில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று சின்ன எழுத்தில் இருந்தால், அந்தத் திரை நிறங்களில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். வெற்றிலைச் சிவப்பு அதில் மங்கிய செங்கலாகத் தெரியும். நீ அதை நம்பிச் சிவப்பைக் கூட்டுவாய். மறுநாள் கல்லூரி அரங்கத்தின் பெரிய திரையில் உன் கதாநாயகியின் முகம் தக்காளியாய் எரியும். எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம் என்று எழுதியிருக்கும் ஐபிஎஸ் திரையைத் தேடு. கிடைக்கவில்லையா? பெட்டியை எடு, ஆறு மாதம் கழித்து நல்ல மானிட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள். அதுவரை நிறத்தைப் போனில் அனுப்பிச் சரிபார்த்துக்கொண்டே வேலை செய். வழி எப்போதும் இருக்கிறது!

தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா? முழு எச்டியில் பள்ளி, கல்லூரிக் குறும்படம் வெட்டுவதற்கு அவசியமில்லை. 4கே, நிற வேலை, மோஷன் கிராபிக்ஸ் என்று போவாய் என்றால் ஆர்டிஎக்ஸ் 3050 அல்லது 4050 உள்ள லேப்டாப்பைப் பார். 3050 லேப்டாப்களில் 4 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு. இரண்டும் ஒரே பெயரில் விற்கும். 6ஐக் கேட்டு வாங்கு.

மேக் வேண்டும் என்று ஆசைப்படுகிறாயா? ஆசைப்படுவது குற்றமல்ல. எம்4 சிப், 16 ஜிபி மெமரியோடு மேக் மினி 2024 இறுதியில் வந்தபோது இந்தியாவில் தொடக்க விலை 59,900 ரூபாய். மாணவர் சலுகையில் 49,900. எடிட்டிங்கில் அந்த விலைக்கு அதை அசைப்பது கடினம் என்பதே என் தீர்ப்பு. ஆனால் திரை, கீபோர்டு, மவுஸ் தனி. கரண்ட் போனால் காப்பாற்ற யுபிஎஸ் தனி. உள்ளே 256 ஜிபிதான். ரேமைப் பின்னால் கூட்டவே முடியாது. வீட்டில் ஏற்கெனவே மானிட்டர் இருந்தால் யோசி. விடுதியில் தங்கிப் படிப்பவர் இதைத் தொடவே வேண்டாம், லேப்டாப்தான். லேப்டாப் எடுத்தால் ஒன்றை மறக்காதே: மே மாதத் திருச்சி வெயிலில் அதைத் தலையணை மேல் வைத்து ரெண்டர் போடாதே. காற்று அடைபட்டால் சிப் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மரப்பலகை மேல் வை.

பாட வேலையைப் பற்றிக் கவலையே படாதே. பதினொன்றாம் வகுப்பின் சி++, பன்னிரண்டாம் வகுப்பின் பைத்தான், பிபிடி, பிடிஎஃப், இணைய வகுப்பு எல்லாவற்றையும் மேலே சொன்ன எந்தப் பெட்டியும் விளையாட்டாய்த் தாங்கும். எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸ் இலவசம்.

இலவசம் என்றதும் முகம் சுளிக்கிறாயா? அங்கேதான் உன்னை உலுக்க வேண்டியிருக்கிறது. திருட்டு மென்பொருளை எவனிடமோ பென் டிரைவில் வாங்கி ஏற்றுகிறாய். அதோடு வைரஸ் வந்து ஆறு மாத வேலையைத் தின்றுவிட்டுப் போகிறது. எதற்கு இந்த அவலம்? லாட்வியா என்ற சிறிய நாட்டின் ஜின்ட்ஸ் ஸில்பலோடிஸ் என்ற இளைஞர், வசனமே இல்லாமல் ஒரு பூனையை நாயகனாக வைத்து "ஃப்ளோ" என்ற படம் எடுத்தார். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்தது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் அதற்கு! எதிரே நின்றவர்களில் ஹாலிவுட்டின் பெரும் ஸ்டுடியோக்களும் உண்டு. அதற்கு முன் 2019இல் வந்த "அவே" படத்தை அவர் தனி ஆளாகவே செய்தார், இசை உட்பட. அந்த பிளெண்டரும் வானத்திலிருந்து விழவில்லை. 2002இல் அதை எல்லோருக்கும் திறந்துவிடுவதற்காக ஒரு லட்சம் யூரோவை இணையத்தில் பொதுமக்களே திரட்டிக் கொடுத்தார்கள். உன்னைப் போன்றவர்களுக்காக முகம் தெரியாத மனிதர்கள் போட்ட காசு அது. அதை நீ பயன்படுத்தாவிட்டால் வேறு யார் பயன்படுத்துவது?

இன்னும் கேள். 2015இல் "டேஞ்சரின்" படத்தை ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தவர் ஷான் பேக்கர். பத்தாண்டு கழித்து "அனோரா"வுக்காக ஒரே இரவில் நான்கு ஆஸ்கர் வாங்கினார். அதில் ஒன்று எடிட்டிங்குக்கு. தன் படத்தைத் தானே வெட்டுகிறவர் அவர். ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் "கோல்ட் மவுண்டன்" படத்தைத் தொகுத்தபோது, விலை உயர்ந்த ஸ்டுடியோ எந்திரங்களை விட்டுவிட்டுக் கடையில் யாரும் வாங்கக்கூடிய பவர் மேக் ஜி4 கணினிகளில் உட்கார்ந்தார். 2003இல் வந்த படம் அது. அன்று அவர் வைத்திருந்த கணினியைவிட உன் கையிலிருக்கும் போன் வேகமானது. நம் ஊரை எடுத்துக்கொள். 1994 பொங்கலுக்கு வந்த "மகாநதி"தான் இந்தியாவில் ஆவிட் கணினி முறையில் தொகுக்கப்பட்ட முதல் படம் என்று சொல்வார்கள். அன்று அந்த எந்திரம் இருந்த அறைக்குள் நுழையவே பெரிய பேனர் வேண்டும். இன்று? டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருள் ஒரு காலத்தில் பெரும் ஸ்டுடியோக்கள் மட்டுமே வாங்க முடிந்த நிறத்திருத்த எந்திரமாக இருந்தது. பிளாக்மேஜிக் நிறுவனம் 2009இல் அதை வாங்கி, பின்னர் இலவசப் பதிப்பையும் கொடுத்தது. இப்போது உன் படிப்பு மேசையில் ஓடுகிறது. கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே வா!

ரிசால்வுக்கு 16 ஜிபி ரேமும் ஓரளவு நல்ல கிராபிக்ஸும் வேண்டும். அது இல்லாதவர்கள் கெடன்லைவ், ஷாட்கட் இரண்டில் ஒன்றை எடுங்கள். இரண்டிலும் பிராக்சி என்ற வசதி இருக்கிறது. பெரிய காட்சிகளுக்குப் பதிலாகச் சின்ன நகல்களைச் செய்து வைத்துக்கொண்டு வெட்டலாம். கடைசியில் வெளியே எடுக்கும்போது மூலக் காட்சியை மென்பொருளே பொருத்திக்கொள்ளும். ஏழு வருடப் பழைய லேப்டாப்பிலும் 4கே காட்சியை வெட்ட முடியும் என்றால் இதனால்தான். தமிழ்நாட்டு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கியது வீட்டுப் பரணில் கிடக்கிறதா? இறக்கு! அதில் எஸ்எஸ்டி போட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்று. பைத்தான் ஓடும், பிடிஎஃப் திறக்கும், முழு எச்டி காட்சியைச் சின்ன நகலில் வெட்டிப் பழகலாம். புதுக் கணினி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க உனக்கு உரிமையில்லை. நல்ல கணினி வந்தால்தான் படம் செய்வேன் என்று சொல்பவன், வந்த பிறகு நல்ல கேமரா வந்தால்தான் என்பான். அவனைப் போல ஆகிவிடாதே.

வீட்டில் பணப் பேச்சு வரும்போதும் ஒதுங்காதே. அப்பாவோடு உட்கார். நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் வட்டியே இல்லை என்று அவர் நம்பியிருக்கலாம். மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு, தவணையில் கட்டினால் எவ்வளவு, பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்று மூன்றையும் காகிதத்தில் எழுதிக் காட்டு. "இந்தக் கார்டு வேண்டாம்ப்பா, இந்தப் பணத்தில் ரேம் கூடப் போட்டுக்கலாம்" என்று நீ சொல்லும்போது அந்த வீட்டில் உன் சொல்லுக்கு ஒரு எடை வரும். சீட்டுப் பணத்தின் அருமை தெரிந்த பிள்ளை என்று அவர்களுக்குப் புரியும்.

வரும் சனிக்கிழமை கடைக்குப் போ. போகும் முன் பென் டிரைவில் இரண்டை எடுத்துக்கொள்: உன் போனில் நீயே எடுத்த 4கே காட்சி ஒன்று, இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் ஷாட்கட்டின் போர்ட்டபிள் பதிப்பு. டெமோ லேப்டாப்பில் திறந்து உன் காட்சியைப் போட்டு, முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல். விடமாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நட. பழைய லேப்டாப் என்றால் விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லி, தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது நிரம்பும் அளவையும் ஒப்பிடு; பாதிக்கு வந்திருந்தால் புது பேட்டரிக்கான பணத்தை விலையில் கழிக்கச் சொல். பெட்டியின் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரன்டி இருக்கிறதா என்று அங்கேயே பார். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதே. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, கூச்சப்படாமல் அழை. பில்லை உன் பெயரில் போடச் சொல். வீட்டுக்கு வந்து, அன்று இரவே முதல் காட்சியை வெட்டு!